மாஸ்டர் எழுதிய ஒன்றுகள்

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் என் மேசைக்கு ஒரு துணிப்பை வந்தது. உள்ளே பதினான்கு நோட்டுகள். எல்லாம் தையல் கடை அளவு நோட்டுகள். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, நீளம், மார்பு, இடுப்பு, தோள், கை என்று தலைப்புகள் அச்சடித்திருந்தன. தலைப்புகளுக்குக் கீழே இருந்தவை சட்டை அளவுகள் இல்லை, மூன்று வாய்க்கால்களில் ஓடிய தண்ணீரின் ஆழம். பதினோரு வருடம், தினமும் ஒரு வரி. நீளம் என்ற இடத்தில் பெரிய வாய்க்கால். இடுப்பில் நடு வாய்க்கால். கையில் பின் வாய்க்கால். மார்பும் தோளும் காலி.

"இதையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்து. ஒரு எண் கூட விடக்கூடாது" என்றார் பொறியாளர்.

எழுதியவர் பெயர் எந்த நோட்டிலும் இல்லை. வாய்க்கால் சங்கத்தில் கேட்டால் "மாஸ்டர் நோட்டா?" என்றார்கள். வாய்க்கால் மதகின் ஷட்டரைத் திறந்து மூடும் வேலை பார்ப்பவரை ஏன் மாஸ்டர் என்கிறார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது.

அவர் தையல்காரர். பதினெட்டு வயதில் கத்தரி பிடித்தவர். இருபத்தாறில் கல்யாணம். மனைவியும் தையல்காரி, எதிர்த் தெருக் கடையில் வேலை பார்த்தவர். கல்யாணமானதும் இருவரும் சேர்ந்து கடை போட்டார்கள். இரண்டே வருடத்தில், வருகிறவர்கள் எல்லாரும் "அக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்டார்கள். மாஸ்டர் வெட்டினால் அளவு துல்லியமாக இருக்கும், ஆனால் உடம்பில் போட்டால் விறைப்பாக நிற்கும். அக்கா தைத்தது உடம்போடு போகும். இதை அவரே என்னிடம் சொன்னார், கொஞ்சமும் வருத்தமில்லாமல்.

"நான் அளவுக்குத் தைப்பேன். அவ ஆளுக்குத் தைப்பா. என்ன பண்றது?"

அக்காவின் தையலில் மிச்சம் பிடித்த காசில் அரை ஏக்கர் வாங்கினார்கள். பின் வாய்க்காலின் கடைசி நிலம். அந்த நிலத்துக்காகத்தான் மாஸ்டர் முதல்முறை சங்கத்துக்குப் போய்ச் சண்டை போட்டார். எந்த வாய்க்காலானாலும் முறைவைத்து விடும் தண்ணீரை அப்போதெல்லாம் கைச்சாணால் அளந்துதான் விடுவார்கள்.

"யார் சாண்ங்க? உங்க சாணா, என் சாணா? அளந்து குடுங்க" என்றாராம்.

"அவ்வளவு அக்கறை இருந்தா நீயே வந்து அள" என்றார் சங்கத் தலைவர். பழைய ஷட்டர்காரர் விலகி ஒரு வாரம் ஆகியிருந்தது. மறுநாள் காலை மாஸ்டர் வந்து நின்றார். கையில் நான்கடி மரச் சட்டம். அதில் கடையின் பழைய டேப்பை நீளமாக விரித்து, சின்ன ஆணிகளால் அடித்திருந்தார். வாய்க்கால்களின் குறுக்கே உள்ள கல்பாலத்தடியில் சிமெண்டுத் தரை இருக்கிறது. சட்டத்தை அங்கே ஊன்றுவார், தண்ணீர் நனைத்த இடத்தில் விரலை வைப்பார், எண்ணைப் படிப்பார். கடையில் கேட்பாரற்றுக் கிடந்த அளவு நோட்டில் எழுதுவார்.

சங்கத்துக்குத் தேவை இரண்டு வாய்க்கால் அளவுதான். ஷட்டர் இருப்பது அவற்றுக்கு மட்டுமே. பின் வாய்க்காலுக்கு ஷட்டர் கிடையாது, வயல் மடையை வெட்டித்தான் முறை விடுவார்கள். அதை அவர் தன் சொந்த நிலத்துக்காக அளந்தார். கேட்டால், "போற வழிதானே" என்பார்.

இனி எங்கள் வேலையைச் சொல்ல வேண்டும். ஆற்றுக்கும் வயல்களுக்கும் நடுவே ஒரு சரளை மேடு இருக்கிறது. அதில் முப்பதடி ஆழத்துக்குக் குவாரி தோண்ட ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. அப்படித் தோண்டினால் அருகிலுள்ள வாய்க்கால்கள் என்ன ஆகும் என்று ஓர் அறிக்கை வேண்டும். கம்பெனி பணம் கொடுக்கும், எங்கள் அலுவலகம் எழுதும், அரசு படிக்கும். இதுதான் நடைமுறை. காசு கொடுப்பவரைப் பற்றியே எழுதுவது எப்படி என்று முதல் வாரமே பொறியாளரிடம் கேட்டேன். "டாக்டருக்கும் நோயாளிதான் காசு குடுக்கிறான். அதுக்காக ஜுரம் இல்லன்னு சொல்லிடுவாரா?" என்றார். நல்ல பதிலாகத்தான் பட்டது. ஆனாலும் வீட்டில் அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. அவர் சரளை லாரியில் லோடுமேன். சரளை அள்ளிய கூலியில்தான் நான் பட்டம் வாங்கினேன். குவாரிக்கு எதிராக எழுதுகிறாயா, ஆதரவாகவா என்று கேட்டால் என்ன சொல்வது?

வரைபடத்தில் பெரிய வாய்க்காலும் நடு வாய்க்காலும் நீலக் கோடு. இரண்டும் ஆற்றிலிருந்து வருபவை, குவாரியால் அவற்றுக்குப் பெரிய ஆபத்து இல்லை. பின் வாய்க்கால் மட்டும் பழுப்புக் கோடு. பக்கத்தில் 'வடிகால்' என்று எழுதியிருந்தது. மேல் வயல்களில் மிஞ்சும் தண்ணீரை வாங்கிக்கொண்டு போவது வடிகால். அதற்குப் பாதிப்பு மதிப்பீடு தேவையில்லை என்பது விதி. ஆனால் நேரில் போய்ப் பார்த்தால் அது சரளை மேட்டின் காலடியில், பாறைக்கு நடுவே, ஊற்றாகத் தொடங்குகிறது. இருபத்திரண்டு நிலங்களுக்கு அந்தத் தண்ணீர்தான்.

"ஆத்து ஷட்டர் மூடியிருக்கிற மாசத்துலயும் இதுல தண்ணி ஓடுதுன்னு அளவு இருந்தா காட்டுங்க. வடிகாலை அடிச்சிட்டு ஊத்து வாய்க்கால்னு எழுதிடறேன்" என்று பொறியாளர் சங்கத்தில் சொன்னார். "வாய்ப்பேச்சு வேணாம். எழுத்துல வேணும்."

அப்படித்தான் அந்தத் துணிப்பை வந்தது. வாய்க்கால் பட்டியலில் ஏறினால்தான் அந்த இருபத்திரண்டு நிலங்களையும் யாராவது கணக்கில் எடுப்பார்கள். இல்லாவிட்டால் குவாரி தோண்டும்போது அவை காகிதத்தில் இல்லாத நிலங்கள்.

ஒன்பது நாள் தட்டச்சு செய்தேன். நாலாயிரத்துச் சொச்சம் வரிகள். பின் வாய்க்காலில் பெரும்பாலும் ஆறு, ஏழு, எட்டு அங்குலம். ஆற்று ஷட்டர் மூடிய மாதங்களிலும் ஆறு. நான்காம் வருடம் ஒரு நாற்பத்தொரு நாளும், ஒன்பதாம் வருடம் ஓர் இருபத்தொன்பது நாளும் மட்டும் ஒன்று, ஒன்று, ஒன்று என்று வரிசையாக இருந்தது. கணினியில் படம் வரைந்தபோது அந்த இரண்டு இடத்திலும் கோடு தரையை ஒட்டி நேராகப் போனது. எவ்வளவு வறட்சியிலும் ஓர் அங்குலமாவது ஓடியிருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நாற்பத்தொரு நாள் ஒரு தண்ணீர் கூடாமல் குறையாமல் எப்படி நிற்கும் என்று கேட்கத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை? எண்ணைத் தட்டச்சு செய்வது மட்டும்தான் என் வேலை என்று நினைத்துவிட்டேனோ என்னவோ.

சுருக்க அறிக்கையின் வரைவில் எழுதினேன்: 'பின் வாய்க்கால் கடந்த பதினோரு ஆண்டுகளில் ஒரு நாளும் வற்றவில்லை. மிகக் குறைந்த ஆழம் ஓர் அங்குலம்.' பொறியாளர் அந்த வரியின் ஓரத்தில் சரி என்று குறி போட்டார். பிரதியை எல்லாரும் படிப்பதற்காகச் சங்கக் கட்டடத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

ஒட்டிக்கொண்டிருந்தபோதே மாஸ்டர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து படித்தார். மெலிந்த ஆள், நாற்பத்தைந்து வயதிருக்கும். காதில் ஒரு பென்சில். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தவர் அந்த இடத்தில் நின்றார். பிறகு சிரித்தார்.

"இதத் தப்பா எழுதியிருக்கீங்களேம்மா."

"எத மாஸ்டர்?"

"வத்தவேயில்லன்னு போட்டிருக்கீங்க. ரெண்டு தடவ வத்திச்சே."

"நீங்கதானே ஒண்ணுன்னு எழுதியிருக்கீங்க?"

"ஒண்ணுன்னா ஒண்ணுமில்லம்மா."

எனக்குப் புரியவில்லை. அவர் சைக்கிளில் கட்டியிருந்த சட்டத்தை அவிழ்த்து வந்து, அதன் அடிமுனையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். டேப்பின் முதல் அங்குலம் இல்லை. வெட்டி எடுத்திருந்தது. சட்டத்தின் அடியிலேயே டேப்பில் 1 என்ற எண் நின்றது.

"பழைய டேப்புல முனைதான் முதல்ல நைஞ்சு போவும். ஒரு அங்குலத்த வெட்டி எறிஞ்சிட்டு ஒண்ணுலேர்ந்து பிடிப்போம். எங்க கடையில எப்பவும் அப்படித்தான். ஒண்ணுல தொடங்கினா ஒண்ணுதான் சுழி. துணிக்கு மனசுக்குள்ளேயே கழிச்சிக்குவோம். தண்ணிக்கு எதுக்குக் கழிக்கணும்? யாருக்குச் சட்டை தைக்கப் போறேன்? வந்தத எழுதினேன்."

"அப்ப ஏழுன்னு எழுதினது...?"

"ஆறு."

"பதினோரு வருஷமும்?"

"ஒரே டேப்புதானே."

அதற்குள் உள்ளேயிருந்து தலைவர் வந்துவிட்டார். வயதானவர், பெரிய வாய்க்காலில் பத்து ஏக்கர்காரர், ஆனால் பின் வாய்க்காலில் அவர் தங்கைக்கு நிலம் இருந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மாறியது.

"யோவ் மாஸ்டர், உனக்கு மூளை கீளை இருக்கா? அவங்களே வத்தலன்னு எழுதியிருக்காங்க. நீ எதுக்குய்யா வந்து நடுவுல ஊசி குத்துற?"

"வத்திச்சு தலைவரே."

"வத்தினா வத்தட்டும்! அத ஏன் பலகைக்கு முன்னாடி நின்னு சொல்ற?"

"எங்க சொல்லணும்? என் நோட்டுதானே. நாளைக்கு யாராவது வந்து சட்டத்தப் பாத்தா என்ன சொல்வாங்க? அளக்கத் தெரியாதவன்னு சொல்லமாட்டாங்களா?"

தலைவர் என் பக்கம் திரும்பினார். "பாப்பா, நீ ஒண்ணும் கேக்கல. சரியா?"

ஒட்டிய தாளை நான் திரும்ப உரிக்கவில்லை. அலுவலகத்துக்கு வந்துதான் பொறியாளரிடம் சொன்னேன். என் தப்பு என்றும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"எல்லா வரியிலயும் ஒண்ணு கழி. அது பெரிசில்ல. ஆனா எழுபது நாள் வத்தியிருக்கு. ரெண்டு தடவையும் அறுவடை முடிஞ்சு மேல் வயல் சும்மா கிடக்கிற மாசம். கம்பெனிக்காரன் என்ன சொல்வான்? மேல் வயல்ல தண்ணி இல்ல, கீழ வடியல, அதனால வடிகால்தான்னு சொல்வான். சரியாத்தான் சொல்வான்."

"மத்த ஒன்பது வருஷமும் அதே மாசத்துல ஓடியிருக்கே சார்."

"அப்ப அந்த ரெண்டு வருஷம் ஏன் ஓடல? அதுக்குப் பதில் கொண்டா. இல்லன்னா பட்டியல்ல ரெண்டு வாய்க்கால்தான்."

மறுநாள் மாஸ்டரின் கடைக்குப் போனேன். கடை என்றால் வீட்டின் முன்னறைதான். ஜன்னலோரம் இரண்டு மிஷின், சுவரில் வெட்டிய காகித மாதிரிகள், ஒரு மூலையில் பித்தான் டப்பாக்கள். அக்கா மிஷினை நிறுத்தாமலே பேசினார். குண்டான, வேகமான பெண்மணி. செய்தி ஊர் முழுக்கப் பரவியிருந்தது.

"வா பொண்ணு. உக்காரு. இந்த மனுஷன் வாயில அன்னிக்கே ரெண்டு தையல் போட்டிருக்கணும். காஜா எடுத்துப் பித்தான் போடாம விட்டமாதிரி திறந்தே கிடக்கு."

மாஸ்டர் சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்து பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். "உண்மையத்தானே சொன்னேன்?"

"யாரு பொய்யின்னா? என் அரை ஏக்கரும் உண்மைதான். அது போனா உங்க டேப்பையா உழுவீங்க?"

அவர் ஊசியில் நூல் கோர்ப்பதில் மும்முரமாக இருந்தார். இரண்டு தடவை தவறியது.

அந்த இரண்டு வருடமும் என்ன நடந்தது என்று அவரைக் கேட்டேன். வெயில் அதிகம் இருந்திருக்கும் என்றார். ஊற்றில் மண் அடைத்திருக்கும் என்றார். அறுவடை முடிந்துவிட்டதால் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, தானும் எண்ணை எழுதியதோடு சரி என்றார். நான் கைப்பையிலிருந்து தாளை எடுத்துத் தேதிகளைப் படித்தேன். முதல் ஒன்று விழுந்த நாள், கடைசி ஒன்று விழுந்த நாள். அதற்கு முந்தைய வாரம் ஏழு, ஐந்து, நான்கு, இரண்டு என்று இறங்கியதையும் படித்தேன்.

மிஷின் நின்றது.

"அந்த மாசத்த இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன்.

"அது பம்புக்காரங்க பேன்ட் தைக்கக் குடுத்த மாசமாச்சே!"

"எந்தப் பம்புக்காரங்க?" என்றார் மாஸ்டர்.

"எந்தப் பம்புக்காரங்களாம்! ரோடு அகலப்படுத்தறோம்னு வந்து, மேட்டுல குழி தோண்டி, ராவும் பகலும் டீசல் பம்பு ஓட்டினாங்களே. எட்டுப் பேருக்கு நீல பேன்ட், முட்டிக்கு ரெட்டைத் துணி. உங்களுக்குத் தண்ணிய தவிர வேற எது கண்ணுல படும்?"

எழுந்து அலமாரியைத் திறந்தார். அவர் நோட்டுகளும் அதே அச்சு நோட்டுகள்தான், ஆனால் இவற்றில் நீளத்துக்குக் கீழே நீளம், இடுப்புக்குக் கீழே இடுப்பு. வருடவாரியாகக் கட்டி வைத்திருந்தார். ஆறாவது நோட்டில் கிடைத்தது. 'பம்பு ஆள் 8, பேன்ட், முட்டி டபுள்.' தேதி, முதல் ஒன்று விழுவதற்கு ஆறு நாள் முன்பு. அதாவது தண்ணீர் இறங்கத் தொடங்கிய அதே வாரம்.

"ஒன்பதாம் வருஷம் பாருங்கக்கா" என்றேன்.

"அப்பவும் வந்தாங்க. பாலத்துக்குச் சரளை பத்தலன்னு. அதே குழி, அதே ஆளுங்க." பக்கங்களைத் தள்ளினார். "இதோ. இவன்தான் மேஸ்திரி. மொதத் தடவ இடுப்பு முப்பத்திரண்டு. அஞ்சு வருஷத்துல முப்பத்தஞ்சரை. நான் கேட்டேன், பம்பு தண்ணிய வெளிய எறச்சுதா, உனக்குள்ள எறச்சுதான்னு."

மாஸ்டர் பித்தானைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்தார். தன் நோட்டையும் மனைவியின் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தார். ஒன்றில் கை என்ற தலைப்பின் கீழ் ஒன்றுகள். மற்றதில் கை என்ற தலைப்பின் கீழ் காலி, பேன்ட்டுக்குக் கை கிடையாது. கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"குழியில பம்பு ஓடினா என் வாய்க்கால் காயுது" என்றார். சத்தமாகப் படிப்பது போல.

"இப்பத்தான் தெரியுதா?" என்றார் அக்கா. ஆனால் குரலில் கோபம் இல்லை.

பொறியாளர் முதலில் நம்பவில்லை. "பேன்ட் கணக்க வச்சு அறிக்கை எழுதச் சொல்றியா? நாளைக்கு ஜாக்கெட் அளவ வச்சு அணை கட்டச் சொல்வே." நான் நின்ற இடத்திலேயே நின்றேன். எனக்கு வாதம் செய்யத் தெரியாது. போகாமல் நிற்கத் தெரியும். கடைசியில் அவர் சாலைத் துறைக்கு ஒரு கடிதம் அடித்துக் கொடுத்தார். இரண்டு நாள் அங்கே பெஞ்சில் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் எழுத்தர் பழைய வேலைப் பதிவேட்டை எடுத்து வந்தார். மேட்டில் குழி, ஆழம் பன்னிரண்டடி, தண்ணீர் இறைத்த நாட்கள் எல்லாம் அதில் இருந்தன. இரண்டு தடவையும் பம்பு ஓடத் தொடங்கிய ஆறேழு நாளில் பின் வாய்க்கால் வற்றியிருந்தது. பம்பு நின்ற பத்து நாளுக்குள் திரும்பியிருந்தது.

பொறியாளர் பதிவேட்டு நகலை இரண்டு முறை படித்தார். பிறகு, "பன்னிரண்டடிக்கே இப்படின்னா முப்பதடிக்கு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு வரைபடத்தை எடுத்தார். வடிகால் என்ற சொல்லைச் சிவப்புப் பேனாவால் அடித்தார்.

ஒருநாளும் வற்றவில்லை என்று நான் எழுதியிருந்த அந்த வரி அப்படியே நின்றிருந்தால் வாய்க்கால் பட்டியலில் ஏறியிருக்கும்தான். ஆனால், குழி தோண்டினாலும் வற்றாத வாய்க்கால் என்று கம்பெனி அதையே எடுத்துக் காட்டியிருக்கும். என் தப்பு அவர்களுக்குத்தான் உதவியிருக்கும்.

கூட்டம் சங்கக் கட்டடத்தில் நடந்தது. எண்பது நாற்காலி, நூற்றைம்பது பேர். கம்பெனி சார்பில் வெள்ளைச் சட்டை அணிந்த ஒருவர் பேசினார். நோட்டை எழுதியவர் அதே வாய்க்காலில் நிலம் வைத்திருப்பவர், டேப் கிழிந்தது, எல்லா அளவும் தப்பு, ஆகவே ஆவணத்தைத் தள்ளிவிட வேண்டும் என்றார். மாஸ்டரைப் பேசச் சொன்னார்கள். அவர் எழுந்தார். காதில் பென்சில் இருந்தது. கை சட்டத்தைப் பிடித்திருந்தது.

"எல்லாம் ஒரு அங்குலம் தப்புங்க. ஒத்துக்கறேன். நான்தான் முதல்ல சொன்னேன். நூறு சட்டையில ஒண்ணுல ஒரு அங்குலம், இன்னொண்ணுல மூணு அங்குலம் தப்புன்னா தூக்கிப் போடுங்க. நூறுலயும் அதே ஒரு அங்குலம்னா பிரிச்சு விட்டா போச்சு. நீங்க போட்டிருக்கிற சட்டைக்கே வலது கை அரை அங்குலம் நீளம். அதுக்காகத் தூக்கியா போட்டீங்க?"

வெள்ளைச் சட்டைக்காரர் தன் கையைப் பார்த்துவிட்டார். பார்த்திருக்கக் கூடாது. சிரிப்பு அடங்க நேரமானது.

அறிக்கை மூன்று வாய்க்கால்களோடு போனது. நிலத்தடி நீர் மட்டத்துக்குக் கீழே தோண்டக்கூடாது, பம்பு வைக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு கம்பெனி மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று மூன்று மாதம் கழித்து உத்தரவு வந்தது. அவர்கள் விண்ணப்பிப்பார்களா என்று தெரியாது. அப்பாவிடம் சொன்னேன். "அந்த மேட்டுல இல்லன்னா வேற மேட்டுல எடுப்பாங்க" என்றார். கோபமா, ஆறுதலா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனவர் திரும்பி, "அந்தத் தையக்காரரு கடை எங்க இருக்கு? என் காக்கி பேன்ட்டு முட்டியில கிழிஞ்சிருக்கு" என்றார்.

மாஸ்டரையே தொடர்ந்து அளக்கச் சொல்லி எங்கள் அலுவலகம் ஓர் எஃகு அளவுகோல் அனுப்பியது. நான்தான் கொண்டுபோனேன். சுழியில் தொடங்கும் நல்ல கோல். வாங்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், சுவரில் மாட்டிவிட்டார்.

"இத வச்சு அளந்தா பழைய நோட்டோட சேராதும்மா. வேண்ணா ரெண்டாலயும் அளந்து எழுதறேன்."

புது நோட்டை எடுத்து, முதல் பக்கத்தில் பென்சிலால் பெரிதாக எழுதினார்: 'இந்த டேப்பில் ஒன்று என்றால் ஒன்றுமில்லை.' அக்கா மிஷினிலிருந்து எட்டிப் பார்த்து, "இதப் பதினோரு வருஷத்துக்கு முன்னாடி எழுதியிருக்கலாம்ல?" என்றார்.

"யாரும் கேக்கலியே."

காலையில் எடுத்த அளவைக் காட்டினார். கை என்ற தலைப்பின் கீழ் டேப்பில் எட்டு. பக்கத்தில், இதுவரை காலியாக விட்டிருந்த தோளுக்குக் கீழே, எஃகுக் கோலில் ஏழு. நான் இரண்டையும் எழுதிக்கொண்டேன். எந்த எண் எந்தக் கோலுடையது என்று இந்த முறை கேட்டு, அதையும் எழுதிக்கொண்டேன்.